குறிப்புகளுக்கு ஒதுக்கிய இடம்

காலையில் பேனா எழுதாது.
பென்சிலை நூலில் கட்டிக்
கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

படிவத்தில் என் பெயர் களப்பணியாளர் இரண்டு.
ஒன்று, ஒதில். கியூபெக்காரி,
தூக்கத்திலும் எண்ணுகிறாள்.
நுயாலியா படிவத்தில் இல்லை.
அவன் துப்பாக்கி மட்டும் இருக்கிறது
உபகரணப் பட்டியலில், வரிசை எண்ணோடு.

ஈடர் வாத்துக்கு அவன் மொழியில் மிதிக் என்று பெயர்.
தீவைச் சுற்றிவர நாற்பது நிமிடம்.
கூடுகளை மிதிக்காமல் சுற்றிவர ஒரு பகல்.
ஜூனில் இங்கே பகல் முடிவதில்லை என்பது
வேறு விஷயம்.

நானூற்றுப் பன்னிரண்டு கொடிகள் நட்டோம்.
பறவை எழுந்து நகர்ந்ததும்
கையுறையைக் கழற்றித் தூவிக்குள் விரல் நுழைப்பேன்.
தீவில் சூடாக இருக்கும் ஒரே இடம்.
இரண்டு நொடி அதிகம் வைத்திருப்பேன்,
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் கிடையாது.
முட்டையைத் தண்ணீர்ப் புட்டியில் இட்டால்
அது சாய்கிற சாய்வில் வயது தெரியும்.
பிறகு குறியீடு:
ஒன்று, அமர்ந்திருக்கிறது.
இரண்டு, முட்டை மட்டும்.
மூன்று, தின்னப்பட்டது.
நான்கு எழுத இன்னும் பத்து நாள் இருந்தது.

"நீந்தி வருது" என்றான் நுயாலியா,
தேநீரைக் கீழே வைக்காமலே.
நிற்கப் பனிக்கட்டி இருந்திருந்தால்
சீல் பிடித்துக்கொண்டிருக்கும்.
கரையேறி உடம்பை உதறியபோது
இடுப்பெலும்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

விதி எளிது.
எங்களை நோக்கி வந்தால் வெடி.
முட்டையை நோக்கிப் போனால் கணக்கு.

பலகைக் கூண்டுக்குள் மூன்று பேரும்
முழங்கால் இடிக்க உட்கார்ந்து
இரண்டு நாள் கணக்கெடுத்தோம்.
கரடி அவசரப்படவில்லை.
கொடி கொடியாகக் குனிந்தது,
எங்களுக்கு முன்னாலேயே
யாரோ அதற்கு வரைபடம் கொடுத்தது போல.
தாடையில் மஞ்சள் கரு காய்ந்திருந்தது.
ஒதில் ஒருமுறை வெளியே போய்
வாந்தி எடுத்துவிட்டு வந்து
விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தாள்.

இருநூற்று இருபத்தாறாம் கூட்டில்
பழைய வளையக்காரி.
பதினான்கு வருடத்துக்கு முன்
கே.டி. என்ற இரண்டு எழுத்து மட்டுமே மிஞ்சிய யாரோ
அந்தக் காலைப் பிடித்து வளையம் போட்டிருக்கிறார்.
கரடியின் மூச்சு முதுகில் படும்வரை
அவள் எழவில்லை.
எழுந்தபோதும் பறக்கவில்லை,
நடந்துபோனாள்.

மூன்றாம் நாள் சுற்று.
மூன்று, மூன்று, மூன்று, மூன்று.
பென்சில் முனை மழுங்கிப்போனது.
இருநூற்று இருபத்தாறில் அவள்
திரும்ப வந்து உட்கார்ந்திருந்தாள்.
கையை விட்டேன். கொத்தினாள்.
தூவி சூடாகவே இருந்தது,
உள்ளே ஒன்றுமில்லை.

வாக்கிடாக்கியில் கேட்டேன்:
வெறுங்கூட்டில் அமர்ந்திருந்தால் என்ன எண்?
கொஞ்ச நேரம் இரைச்சல்.
"மூன்று" என்றாள் ஒதில்.
மறுபடி இரைச்சல்.
"அமர்ந்திருக்கிறாளா?"
"ஆமாம்."
"மூன்றுதான்."

குறிப்புகளுக்கு முப்பது எழுத்து அளவு இடம்.
எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
நனையாத காகிதத்தில்
அழித்ததும் எழுதியது போலத்தான் தெரிகிறது.
எட்டிப் பார்த்த நுயாலியா சொன்னான்:
"அவளுக்கும் ஒப்பந்தம் ஆகஸ்ட் வரைக்கும் போல."
சிரித்தோம். அவள் கழுத்தைத் திருப்பவில்லை.

ஏழு மணிக்கு சல்லிக்கிலிருந்து சியாசி.
"எத்தனை மிச்சம்?"
படிவத்தில் முப்பத்தெட்டு.
"முப்பத்தொன்பது" என்றேன்.
"கரடி?"
"போயிடுச்சு."
"மெலிவா?"
"மெலிவு."
"நாளைக்குக் கிழக்குக் காத்து, கூடாரத்தைப் பாத்துக்குங்க."

ஒதிலுக்குக் கேட்டிருக்கும்.
தலை நிமிராமல்
என் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.